மாஷி போட்ட மதிப்பெண்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். வாசலில் துணிப்பையை மாட்டிக்கொண்டு ஒரு கல்லூரிப் பெண் நின்றாள். ஜாதவ்பூரில் படிக்கிறாளாம். லேக் கார்டன்ஸில் குடியிருப்பவர்கள் இந்த நகரத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுத வந்திருந்தாள். எங்கள் அடுக்ககத்தின் கீழ் மாடிகளில் ஒருவரும் அவளை உள்ளே விடவில்லை. வியர்த்துக் களைத்திருந்தாள். உட்காரவைத்து மோர் கொடுத்தேன்.

நான் திருச்சிக்காரி. மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. மூன்று வருடத்தில் திரும்பிவிடலாம் என்று மாற்றலில் கல்கத்தா வந்தவள், அப்போது பதினோரு வருடத்தைக் கடந்திருந்தேன்.

"இது உங்க ஊருன்னு எந்த அளவுக்குத் தோணுது? பத்துக்கு எத்தனை போடுவீங்க?" என்று வங்காள மொழியில் கேட்டாள்.

யோசித்துவிட்டு ஏழு என்றேன். வங்காள மொழி சரளமாகப் பேசுவேன், கறிவேப்பிலையும் மோர்மிளகாயும் லேக் மார்க்கெட்டில் கிடைத்துவிடுகின்றன. ஆனாலும் "ஊருக்கு எப்போ திரும்பப் போறீங்க?" என்று யாராவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"உங்க கட்டடத்துல எல்லாரையும் சமமா நடத்தறாங்களா?"

இதற்கு யோசிக்கவே இல்லை. "இங்க பஞ்சாபி, மார்வாடி, முஸ்லிம், வங்காளி எல்லாரும் இருக்கோம். துர்கா பூஜை நாள்ல ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடறோம். ஒரு வித்தியாசமும் கிடையாது."

எழுதிக்கொண்டவள் சமையலறைப் பக்கம் பார்த்தாள். "அவங்ககிட்டயும் கேட்கலாமா?"

சமையலறைத் தரையில் பசலைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் எங்கள் மாஷி. மாஷி என்றால் சித்தி. வீட்டு வேலைக்கு வருகிறவர்களை இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் என்னைப் பௌதி, அதாவது அண்ணி, என்பார். ரயில் பாதையோரக் குடிசைகளிலிருந்து ஒன்பது வருடமாக எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். வயது ஐம்பதுக்கு மேல்.

"என்னையா? நான் இந்தக் கட்டடத்துல இல்லையேம்மா."

"இந்தப் பாடாவுலதானே இருக்கீங்க?" பாடா என்று இங்கே சொல்வது அவரவர் வட்டாரத்தை.

"பொறந்ததே இங்கதான்."

"அப்போ சொல்லுங்க. பத்துக்கு எத்தனை?"

"பத்து" என்றார் மாஷி, கீரையிலிருந்து கையை எடுக்காமல். "இந்தப் பாடாவோட முதல் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டினது எங்கப்பா. ஒரு மழையில தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணி. அப்போ பெரிய வீடுகளுக்கெல்லாம் குடிக்கிற தண்ணி தூக்கிட்டுப் போய்க் கொடுத்தது எங்காளுங்கதான். பத்துக்கு மேல உண்டுன்னா அதையும் போட்டுக்கோ."

இரண்டாவது கேள்விக்கு மட்டும் என் முகத்தைப் பார்த்தார். "பௌதி நல்லவங்க" என்று ஆரம்பித்தார். பிறகு சொன்னார்: "எங்களை லிஃப்ட்ல ஏத்த மாட்டாங்க. கீழ காகிதம் ஒட்டியிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியாது, வாட்ச்மேன் படிச்சுச் சொன்னார். நாலு மாடியும் நடைதான். மத்தபடி நல்ல கட்டடம்."

கோபமே இல்லை அவர் குரலில். பேருந்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்வதுபோல் சொன்னார்.

அந்தக் காகிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான். ஆபீஸ் நேரத்தில் லிஃப்டுக்குக் கூட்டம் சேர்கிறது, அடிக்கடி பழுதாகிறது என்று எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சொன்னார். என் ஆங்கிலம் நன்றாக இருக்கும் என்பதால் என்னையே எழுதச் சொன்னார். வேலைக்கு வருகிறவர்கள் 'தயவுசெய்து' படிக்கட்டில் போகும்படி எழுதினேன். 'தயவுசெய்து' என்று சேர்த்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தப் பெண் போனதும் மாஷியிடம் சொன்னேன். "அதை எழுதினது நான்தான்."

"தெரியும் பௌதி."

"ஏன் என்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

"கேட்டிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

சங்கத்தின் முடிவு என்று சொல்லியிருப்பேன். அது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பேச்சை எடுத்தேன். செயலாளர் ஓய்வுபெற்றவர், சாது. விஜயதசமிக்கு வீடு வீடாக வந்து இனிப்பு கொடுப்பவர். "நீங்க வெளியூர்க்காரங்க, எங்க பழக்கம் உங்களுக்குப் புரியாது. நாங்க அவங்களைக் குடும்பமாத்தான் பார்க்கறோம்" என்றார். அவர் அதை மனதார நம்பினார்.

"குடும்பத்து ஆளைப் படியேறச் சொல்வோமா, தாதா?" என்றேன். அண்ணன் வயதுக்காரர் என்பதால் அவரை தாதா என்றுதான் அழைப்பேன். 'வெளியூர்' என்ற சொல் உறுத்திக்கொண்டிருந்தது. அறிவிப்பை எடுத்துவிட வேண்டும் என்பதற்குக் கை தூக்கியது இரண்டே பேர். நானும், இரண்டாவது மாடி மார்வாடி வீட்டு மருமகளும்.

வீட்டில் என் கணவர், "தோத்துட்டேல்ல, விடு. நாமளும் இங்கதான் குடியிருக்கணும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கீழே இறங்கிப் போய் வாசலில் நின்றேன். மாஷி வந்ததும், "வாங்க" என்று லிஃப்ட் கதவைத் திறந்தேன். வாட்ச்மேன் அறிவிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பீடிக்கட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார். உள்ளே ஏறிய மாஷி தயங்கி மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றார். இரண்டாவது மாடி வந்தபோது, "உள்ள கண்ணாடியெல்லாம் இருக்கே" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

தினமும் அப்படியே செய்தேன். மாஷி வர நேரமான நாள்களில் எனக்கு ஆபீஸுக்குத் தாமதமாயிற்று. செயலாளர் ஒருநாள் எங்களோடு லிஃப்டில் ஏற நேர்ந்தது. மூவரும் கதவையே பார்த்துக்கொண்டு போனோம். பத்துப் பதினைந்து நாளில் இரண்டாவது மாடி மருமகளும் தன் வீட்டுக்கு வருகிறவரை அழைத்துப் போக ஆரம்பித்தாள். பிறகு மூன்றாவது மாடியிலும்.

பூஜைக்கு முந்தைய கூட்டத்தில் செயலாளரே சொன்னார்: "அந்தக் காகிதத்தை எடுத்துடலாம். யாரும் மதிக்கிறதில்லை. பூஜைக்கு நாலு பேர் வந்து போற இடம், பார்த்தா நம்ம கட்டடத்துக்குத்தான் அசிங்கம்." சமத்துவம் என்ற சொல்லே அங்கு எழவில்லை. கட்டடத்தின் கௌரவம்தான் அந்த வேலையைச் செய்தது. எனக்கு அதுவும் போதுமாக இருந்தது. நகத்தால் சுரண்டி நானே கிழித்தெடுத்தேன்.

இப்போது மாஷி தனியாகவே லிஃப்டில் வருகிறார். வேலை முடிந்து இறங்கும்போது மட்டும் படியில்தான் போகிறார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒவ்வொரு மாடியிலயும் ஒருத்தி வேலை முடிச்சு வருவா பௌதி. பேசிக்கிட்டே இறங்கினாத்தானே எங்களுக்கு நாலு விஷயம் தெரியும். லிஃப்ட்ல என்ன பேச முடியும்?"

மதியங்களில் நான் வீட்டிலிருந்தால், கீழே போகப்போகப் பெருகும் அவர்கள் சிரிப்பு கேட்கும்.