சாருமதி அக்கா மறைக்காத வருடம்

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் எழுத என்னைவிட நெருங்கியவர்கள் பலர் இருக்கிறார்கள். நானோ சாருமதி அக்காமீது ஆறு வருடம் பொறாமைப்பட்டவள். அவருடைய அம்மா கேட்டதால் எழுதுகிறேன். பொறாமையை ஒளித்தால் எனக்கு எழுத எதுவும் மிஞ்சாது.

லண்டனின் மிச்சம் பகுதியில் நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்குத்தான் அக்காவின் அம்மா, அன்ரியின் அழைப்பு வந்தது. "பிள்ளை, சாரு எங்களை விட்டிட்டுப் போட்டாள்." மூளையில் இரத்தக்கசிவு, ஒரே நாள். மருத்துவப் படிப்பில் இரண்டாம் வருடம் அவர். அழுகை வருவதற்கு முன் எனக்குள் ஒன்று சொன்னது: இனி உன்னை யாரோடும் ஒப்பிடமாட்டார்கள். அந்த நினைப்புக்கு இன்னும் கூசுகிறேன்.

ஃபார்மசி முதலாம் வருட வகுப்பில்தான் அவரைச் சந்தித்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஜெர்மனியிலிருந்து வந்தவர். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்; கேள்வி கேட்கப் பயந்து அதைக் கொப்பியில் எழுதி வைப்பேன். அக்கா அதே கேள்வியை, பிழையான ஆங்கிலத்தில், கை உயர்த்திக் கேட்பார். எனக்கு எரியும்.

மாசி மாதம் அவர் அந்தப் படிப்பை விட்டார். "எனக்கு மருந்து குடுக்க விருப்பமில்லை. அதைக் குடிக்கிற ஆக்களோட இருக்கத்தான் விருப்பம்" என்றார். இரண்டு கிழமை கழித்து நானும் விட்டேன். அவருக்குக் காரணம் இருந்தது. எனக்கு அவர் இருந்தார்.

ஆர்ச்வே கோயிலில் தெரிந்த ஒரு பெண்மணி அக்காவிடம் கேட்டார். "என்ன பிள்ளை, ஃபார்மசி எப்பிடிப் போகுது?"

"விட்டிட்டன் அன்ரி."

"ஐயோ! விட்டிட்டியோ? அப்ப இனி?"

"இனி வேற படிப்பு. அந்தப் பொங்கலில இன்னும் கொஞ்சம் தாங்கோ."

பிறகு அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பினார். "நான் வேற படிப்புக்கு ட்ரான்ஸ்ஃபர் எடுத்தனான்" என்றேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லிவந்தோம். அக்கா என்னைப் பார்த்தார், காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இருவரும் உயிர்மருத்துவ அறிவியல் படித்தோம். கடைசி வருடத்தில் மருத்துவத்துக்கு விண்ணப்பித்தோம். முன்பு படித்த எல்லாவற்றையும் படிவத்தில் எழுத வேண்டும். ஹீத்ரோ விமான நிலைய ஷிப்ட் முடிந்து வந்த அப்பா சொன்னார்: "விட்டதை எழுதினா டொக்டருக்கு எடுப்பாங்களே? அந்த வருசம் வேலை செய்தனெண்டு போடு."

அக்காவிடம் கேட்டேன். "எழுதடி. சில இடத்தில விட்ட ஆக்களை எடுக்கமாட்டினம், அங்க அப்ளிகேஷன் போடாத. மற்ற இடத்தில ஏன் விட்டனி எண்டு கேப்பினம். பதிலை யோசிச்சு வை. ஒளிச்சுப் பிடிபட்டாத்தான் ஒண்டும் செய்ய ஏலாது."

துணிச்சல் உள்ளவருக்குச் சொல்வது சுலபம் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா சொன்னபடியே எழுதினேன்.

அக்காவை நேர்முகத்துக்கு அழைத்தார்கள். அந்த வருடத்தைத்தான் முதலில் கேட்டார்களாம். கோயிலில் சொன்ன அதே குரலில் சொன்னேன் என்றார். இடம் கிடைத்தது. எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் ஃபார்மசியில் பதிந்திருந்தது அவர்களுக்குத் தெரியவந்திருந்தது. படிப்பை விட்டதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மறைத்ததற்காக நிராகரித்திருந்தார்கள்.

"அவளுக்கு அதிர்ஷ்டம்" என்றார் அப்பா. அதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புடன் அக்கா போட்ட படத்தைப் பார்த்த பின் அவருடைய பதிவுகள் எனக்கு வராமல் செய்தேன். அவரோ ஒவ்வொரு ஆவணியிலும் ஒரே செய்தி அனுப்புவார்: "இந்த முறை மெடிசினுக்குப் போடுறியா?" கடைசியாக அனுப்பியதும் அதுதான். நான் பதில் போடவில்லை.

போன கிழமை அன்ரி இந்த மலருக்கான வாழ்க்கைக் குறிப்பைச் சரிபார்க்கத் தந்தார். பாடசாலை, பட்டம், மருத்துவ மாணவி, எல்லாம் இருந்தன. ஃபார்மசி மட்டும் இல்லை. "அது என்னத்துக்குப் பிள்ளை, சனம் கதைக்கும்" என்றார். நான் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து புதுப் படிவத்தைத் திறந்தேன். ஃபார்மசி, முதலாம் வருடம், இடையில் விலகினேன் என்று எழுதினேன். இம்முறையும் எடுக்காமல் விடலாம். அக்கா, உங்களுக்கு என் பதில் இதுதான்: ஓம், போடுறன். போய் வாருங்கள்.

அன்ரி, நேரில் கேட்க வாய் வரவில்லை, இங்கே கேட்கிறேன். அச்சுக்குப் போகுமுன் அந்த வருடத்தையும் சேர்த்துவிடுங்கோ.