கிளட்ச் அக்காவின் வலது கண்

சிக்னலில் சிவப்பு விளக்கு விழுந்ததும் அக்கா இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறார். முன்னால் நிற்கும் வண்டியின் எண்ணை வலது கண்ணால் மட்டும் பார்த்து உரக்கப் படிக்கிறார். பிறகு கையை எடுத்துவிட்டு, இரண்டு கண்ணாலும் ஒரு தடவை சரிபார்க்கிறார். "ம், பாஸு" என்று தனக்குத்தானே மதிப்பெண் போட்டுக்கொள்கிறார். பக்கத்து வண்டிக்காரர்கள் பாவம், தலைவலி போலிருக்கிறது என்று இரக்கத்தோடு பார்ப்பார்கள். அவர்களுக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்புவார். "பச்சை விழுந்தாச்சு, என்ன வேடிக்கை? கிளட்ச்!"

எங்கள் பகுதியில் பெண்களுக்கு கார் ஓட்டக் கற்றுத்தருபவர் இவர். அந்த அதட்டலால்தான் மாணவிகள் இவருக்கு ‘கிளட்ச் அக்கா’ என்று பெயர் வைத்தார்கள். அரை முகத்தை மறைக்கும் பழுப்புக் கண்ணாடி. கைதுடைக்க ஒரு துண்டு, முகம் துடைக்க ஒரு துண்டு. முகத்துண்டை யாராவது தொட்டால் தொலைந்தார்கள். சத்தமான குரல், அதைவிடச் சத்தமான சிரிப்பு. பல வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு வந்து, ஓர் இடத்தில் உட்காரப் பிடிக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவள் நான். முதல் வாரமே எனக்குக் கிடைத்த பாராட்டு: "உலகத்தையே சுத்திட்டு வந்தியாம், ஒரு ரவுண்டானாவை ஒழுங்கா சுத்தத் தெரியலையே!"

அக்காவின் பேச்சில் அடிக்கடி ஒரு மாப்பிள்ளை வருவார். அக்காவுக்கு மகள் கிடையாது. ஹெர்பீஸ் என்ற வைரஸுக்குத்தான் அந்த மரியாதை.

"சொல்லாம வருவாரு. வந்தா விழுந்து விழுந்து கவனிக்கணும். கவனிக்கலைன்னா வீட்டையே நாசம் பண்ணிடுவாரு. வேற யாரு, மாப்பிள்ளைதானே?"

"எப்படிக்கா வந்தாரு?"

"சின்னப்பிள்ளையில யாரோ ஆசையா முத்தம் குடுத்திருக்காங்க. அந்தச் சீர்தான் இது."

நம்மில் பலருக்கு அப்படித்தான் வந்திருக்கும், நமக்கே தெரியாது. உள்ளே போன வைரஸ் முகத்து நரம்பின் வேரில் போய்ப் படுத்துக்கொள்கிறது. காய்ச்சல், கடும் வெயில், தூக்கக்கேடு என்று எதுவோ ஒன்று எழுப்பிவிட்டால் அதே நரம்பு வழியாகத் திரும்பி வருகிறது. பெரும்பாலும் உதட்டோரத்தில் கொத்தாக நாலு கொப்புளம். ‘உடம்புச் சூடு’ என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவோம். அடியோடு துரத்த வழியில்லை, தூங்கவைக்கத்தான் மருந்து. சிலருக்கு அது கண்ணுக்கும் ஏறுகிறது. அக்கா சொல்வது போல, "எங்க மாப்பிள்ளைக்குக் கீழ் வீடு பத்தாது. மாடியில ரூம் கேக்கறாரு."

மாடிக்கு முதல் தடவை வந்தபோது நடந்ததை அக்கா இப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். அவர் கணவர் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவர். ஒரு சாவியையும் தூக்கி எறியமாட்டார். என்றைக்காவது ஏதாவது ஒரு பூட்டுக்குப் பொருந்தும் என்பது அவர் சித்தாந்தம். மருந்துக்கும் அதே சட்டம்தான். பிரிட்ஜில் முட்டை வைக்கும் தட்டு முழுவதும் பாதி தீர்ந்த சொட்டு மருந்துகள். மனைவியின் கண் சிவந்ததும், தன்னுடைய அலர்ஜிக்கு எப்போதோ வாங்கிய பாட்டிலை எடுத்து அன்போடு விட்டார். ஒரே நாளில் சிவப்பு போய்விட்டது. "பாத்தியா, பொருந்திடுச்சு!"

அதில் இருந்தது ஸ்டீராய்டு. அது சிவப்பை அமுக்கியது. கூடவே, கிருமியை எதிர்த்து நின்ற காவலையும் தூங்கவைத்தது. திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதைதான். கருவிழியின் மேல் சிறு கிளை போல இருந்த புண் திட்டாகப் பரவியது. ஆறிய பிறகும், பார்வை போகும் நடுப்பகுதிக்குப் பக்கத்திலேயே வெள்ளைத் தழும்பு ஒன்று நின்றுவிட்டது. அடுத்த புண் நடுவுக்கு வந்தால் அந்தக் கண்ணை நம்பி வண்டிப் பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி இல்லையென்றால் அக்கா என்ன செய்வார் என்று அக்காவுக்கே தெரியாது. சிக்னல் பரீட்சை அதற்காகத்தான்.

"நல்லதுக்குத்தான் செஞ்சாரு, பாவம். ஆனா அதுக்கப்புறம் என் கண்ணுகிட்ட அவரை விடறதில்லை. பக்கத்து வீட்டு டீச்சர்தான் மருந்து போடுவாங்க. அவருக்கு மூடி பிடிக்கிற வேலை மட்டும்."

"முட்டைத் தட்டு?"

"இப்போ முட்டைதான் இருக்கு. அதையும் தேதி பாத்துத்தான் சாப்பிடறாரு."

போன வாரம் காய்ச்சல் விட்டு வந்தவரின் உதட்டோரத்தில் கொப்புளம் இருந்தது. "கீழ் வீட்டுக்கு வந்திருக்காரு" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். முதல் சிக்னலிலேயே இடது கண்ணைப் பொத்தியவர், பாதி எண்ணில் நின்றார். கையை எடுத்துப் பார்த்தார். மறுபடி பொத்தினார்.

"வண்டி முன்கண்ணாடியைத் தொடைச்சியா?"

"இப்பதானேக்கா தொடைச்சேன்."

பழுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வலது கண் சிவந்து நீர் கோத்திருந்தது.

"வலிக்குதாக்கா?"

"வலிச்சா முன்னாடியே தெரிஞ்சிருக்குமே. வந்து வந்து அந்த இடமே மரத்துப்போச்சு." குரல் இறங்கிவிட்டது. அடுத்த நொடி நிமிர்ந்தார். "ரவுண்டானாவுல மூணாவது வழி. கண் ஆஸ்பத்திரி. இன்னிக்கு என் பக்கத்து பிரேக்கை நம்பாதே, நீயே ஓட்டு."

"நானா?"

"பின்ன, மாப்பிள்ளையா ஓட்டுவாரு?"

ஓட்டினேன். பின்னால் ஒருவர் ஹாரனை அழுத்தித் தள்ளினார். "அடிக்கட்டும், புது ஹாரன் போல. நீ கியரைப் பாரு" என்றபடியே அக்கா கணவருக்குப் போன் போட்டார். "ஏங்க, மாடிக்கு வந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்கு வாங்க. வரும்போது கையில எதையும் எடுத்துட்டு வந்துடாதீங்க!"

ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மஞ்சள் சாயம் தொட்டுவைத்து, நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார் டாக்டர். அக்கா தாடையை முட்டுக்கொடுத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவரே கேட்டார்: "நடுவுக்கு வந்துடுச்சா, டாக்டர்?"

"கிளை விட்டிருக்கும்மா. ஆனா ஓரத்துலதான். நடு சுத்தமா இருக்கு. தள்ளிப்போட்டிருந்தீங்கன்னா வேற கதை."

"அப்போ வண்டி?"

"ஆறுற வரைக்கும் லீவு. அப்புறம் தாராளமா ஓட்டுங்க."

அக்கா விட்ட பெருமூச்சு வராந்தா வரை கேட்டிருக்கும். வராந்தாவில் கணவர் நின்றிருந்தார். ஓடிவந்த மூச்சிரைப்போடு, சோதனைக்கு நிற்பவர் போல இரண்டு வெறுங்கையையும் விரித்துக் காட்டினார். பிறகுதான் மனைவியின் கன்னத்தைப் பார்த்தார்.

"என்னம்மா இது, கண்ணுல மஞ்சத் தண்ணியா வருது?"

"தங்கமா அழறேன். பிடிச்சு வச்சுக்கங்க."

நர்ஸ் களிம்புக் குழாயோடு வந்தார். "வேளாவேளைக்கு விடாமப் போடணும். வீட்டுல யார் போட்டுவிடுவாங்க?"

"பக்கத்து வீட்டு டீச்சர்" என்று கணவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டு, மூடிக்காகக் கையை நீட்டினார்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தார். "டீச்சருக்கு என்ன, வேற பொழப்பு இல்லையா? தம்மாத்துண்டு பூட்டுக்குள்ள கம்பி விட்டுத் திறக்கறவரு நீங்க. போடுங்க."

கணவர் நேராகக் குழாயடிக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. "போதும் சார், ஆபரேஷனா பண்ணப் போறீங்க?" என்று நர்ஸ் குரல் கொடுத்தும் சத்தம் நிற்கவில்லை.

அக்கா அவசரப்படுத்தவில்லை. நாற்காலியில் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வலது கண்ணின் கீழிமையை ஒரு விரலால் இழுத்துப் பிடித்தபடி, கூரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.