பாதி மூடிய குட்டையும் நசரத்பேட்டை மழையும்

அம்பத்தூர், ஐப்பசி 1988

நேற்று சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு அம்பத்தூர் ஓ.டி.யில் ஆவடி பஸ் ஏறினேன். டிக்கெட் எழுபத்தைந்து பைசா. போக வேண்டிய இடம் நசரத்பேட்டை. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் மாற வேண்டும். மொத்தம் இருபது கிலோமீட்டர் இருக்கும். அங்கே பார்ப்பதற்கென்று கோபுரமோ அருவியோ கிடையாது. ஒரு காலனியில் மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கப் போனேன். இதற்கெல்லாம் ஒருவன் பஸ் ஏறுவானா என்று கேட்பீர்கள். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு குட்டை. ஆகாயத்தாமரை, கோரை, கொசு. போன சித்திரையில் தெருக்காரர்கள் கூடி அதைத் தூர்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கள் வீட்டு வரிசையிலும் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். ‘சுகாதாரக் கேடு விளைவிக்கும் பயனற்ற பள்ளம்’ என்று எழுதினேன். வாசித்துக் காட்டியபோது இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள். மனு கொடுத்த ஐந்தாம் மாதம் லாரி வந்தது. இடித்த கட்டடத்துச் செங்கல்லும் தொழிற்சாலைக் கசடும் கொட்டிப் பாதிக் குட்டையை மூடினார்கள். அப்பா பக்கத்து ஊரான பாடியில் லாரிகளுக்குச் சுமை ஏற்றுபவர். “எம்புள்ள எழுதுன காயிதத்துக்கு லாரி வந்துச்சு” என்று கூட்டாளிகள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

போன வாரம் இந்தப் பருவத்தின் முதல் பெருமழை. இதுவரை தண்ணீர் ஏறாத நான்கு வீடுகளுக்குள் முழங்கால் அளவு ஏறியது. அதில் ஒன்று பவுனு அக்காவுடையது. துணி இஸ்திரி போட்டுப் பிழைப்பவர். ஊரார் துணி மூட்டை மூட்டையாகச் சேற்றில் ஊறியது. மீதிப் பாதியை மூட நாளை திங்கட்கிழமை லாரி வருகிறது. முழுசாக மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் சிலர். எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. ஆனால் வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு, நானே எழுதிய மனுவுக்கு எதிராக எப்படிப் பேசுவது? என்னோடு வேலை செய்யும் நசரத்பேட்டை தாஸ்தான், “எங்க காலனியில குட்டைய மூடல மாமே. ரோட்டுல தண்ணி நிக்காது. வந்து பாரு” என்றான்.

எட்டு மணிக்கு ஆவடியில் பூந்தமல்லி பஸ். ஒரு ரூபாய் பத்து பைசா. கீரைக் கூடையோடு ஏறிய அம்மாளிடம் கண்டக்டர் கூடைக்கும் டிக்கெட் கேட்டார்.

“கீரை இன்னா சீட்டுலயா குந்திகினு வருது? எங்காலுக்கடியில கீது.”

“உங்காலுக்கடியில கீற எடமும் பஸ்ஸுதாம்மா.”

“அப்ப மேல ஒழுவுதே, அதுக்கு நீ எனக்கு இன்னா குடுப்ப?”

பஸ்ஸே சிரித்தது. கூரை உண்மையாகவே ஒழுகிக்கொண்டிருந்தது.

பருத்திப்பட்டில் ஏரி சாலைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. கரை விளிம்புவரை தண்ணீர், நடுவில் நீந்தும் நாமக்கோழிகள். காடுவெட்டிப் பாலத்துக்குக் கீழே கூவம். பட்டணத்தில் கூவம் என்றாலே மூக்கைப் பிடிக்கிறோம். இங்கே அது செம்மண் கலங்கலோடு ஓடுகிற ஓர் ஆறு, அவ்வளவுதான். ஏரி, வாய்க்கால், ஆறு என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டபோது, எங்கள் குட்டை எதோடு சேர்ந்திருந்தது என்று நான் ஒருநாளும் யோசிக்காதது உறைத்தது.

ஒன்பது மணிக்குப் பூந்தமல்லி. டீ அறுபது பைசா. அங்கிருந்து பெங்களூர் சாலையில் மூன்று கிலோமீட்டர். ஒன்பதரைக்கெல்லாம் நசரத்பேட்டையில் இறங்கிவிட்டேன். தாஸுக்கு அன்று ஷிப்ட். அவனுடைய அக்கா ஸ்டெல்லா குடையோடு நிறுத்தத்துக்கே வந்திருந்தார். தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். காலனிச் சங்கத்துக்குச் செயலாளரும் அவரே.

“குட்டையப் பாக்க அம்பத்தூர்லேர்ந்து ஒருத்தரு வர்றாருன்னு தாசு சொன்னான். எங்கம்மா நம்பல தம்பி. பொண்ணு பாக்கத்தான் வர்றாருன்னு காலையிலேயே கேசரி கிண்டிட்டாங்க.”

எனக்குக் காது சுட்டது. கேசரி நன்றாக இருந்தது.

காலனியில் முப்பது வீடு இருக்கலாம். பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்கள். சாலையோரத்தில் சிமெண்டுக் கால்வாய் இல்லை. ஒரு முழ ஆழத்துக்கு அகலமாக, சரிவாக வெட்டிய பள்ளம். அதில் புல்லை வளர விட்டிருக்கிறார்கள். பள்ளம் போய் முடியும் இடத்தில் ஒரு சின்னக் குழி. மண்ணும் குப்பையும் அதிலேயே தங்கிவிடும். அடுத்து பத்தடி அகலத்துக்குக் கோரை. அதைத் தாண்டித்தான் குட்டை. குட்டையின் மறுகரையில் கல் வைத்துத் தாழ்வாக ஒரு வாய் விட்டிருக்கிறார்கள். அந்த மட்டத்துக்கு மேல் ஏறுகிற தண்ணீர் வாய்க்காலில் வழிந்து ஏரிப் பக்கம் போய்விடும். கோடையில் குட்டை காய்ந்ததும் பிள்ளைகள் அதில் பந்து விளையாடுகிறார்களாம்.

“நல்லா யோசிச்சு விட்டிருக்கீங்கக்கா” என்றேன்.

“யோசனையும் இல்ல ஒண்ணும் இல்ல. நாங்களும் மூடத்தான் பாத்தோம். கிராவல் லாரி மொத நாளே சேத்துல மாட்டிகிச்சு. ரெண்டு நாள் கயிறு கட்டி இழுத்தானுங்க. டிரைவரு கும்பிடு போட்டுட்டு ஓடிட்டாரு. அந்த வருசம் மழையில குட்டை இல்லாத பின்தெருவுல ஊட்டுக்கு ஊடு தண்ணி, எங்களுக்கு இல்ல. அப்பறம்தான் மண்டையில ஏறுச்சு. புல்லுப் பள்ளம், குழி எல்லாம் பின்னாடி நாங்களே வெட்டுனது. வருசத்துக்கு ரெண்டு ஞாயிறு, சர்ச்சுல பூசை முடிச்சுட்டு வந்து குழிய அள்ளுவோம். வராதவங்க ஊட்டு வாசல்லயே அந்தச் சேத்தக் கொட்டிடுவோம்.”

“கொசு?”

“கீது. பொய் சொல்ல மாட்டேன். மீனு உட்டதுல கொஞ்சம் கம்மி. கொசுவுக்கு வலை கட்டிக்கலாம் தம்பி. தண்ணிக்கு இன்னா கட்டுவ?”

பத்தேகாலுக்கு மழை பிடித்தது. அவர்கள் வீட்டு வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாற்பதுக்குச் சாலை முழுக்கத் தண்ணீர். எங்கள் தெரு மாதிரியேதான் இருந்தது, ஏமாந்துபோனேன். பதினொன்றுக்கு மழை விட்டது. புல்லுக்குள் தண்ணீர் அவசரமில்லாமல், சத்தமில்லாமல் நகர்ந்தது. பதினொன்று நாற்பதுக்குச் சாலையின் நடுவில் செருப்பு நனையாமல் நடந்தேன்.

என் நோட்டில் நான் படம் வரைவதைப் பார்த்து ஸ்டெல்லா அக்கா கேட்டார்: “ஆமா, உங்க குட்டைய மூடச் சொல்லி எவன் எழுதிக் குடுத்தான்?”

“நான்தான்கா.”

நோட்டை வாங்கிப் படத்தைப் பார்த்தார். பிறகு, “அப்ப நீயேதான் போய்ச் சொல்லணும். வேற யாரு சொன்னாலும், படிச்ச புள்ள எழுதுனத நீ இன்னா கேக்கறதுன்னு வாய அடைச்சிடுவாங்க” என்றார்.

இரண்டு மணிக்குப் புறப்பட்டேன். பூந்தமல்லியில் மறுபடி மழை. ஆவடி வரை விடவில்லை. திரும்பும் வழி முழுக்க என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாகக் கோத்துக்கொண்டே வந்தேன்.

நான்கே முக்காலுக்குத் தெருவில் நுழைந்தால் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். பவுனு அக்கா குண்டானால் வாரி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். அப்பா உள்ளேயிருந்து துணி மூட்டைகளைத் தூக்கிக் கட்டில்மேல் அடுக்கிக்கொண்டிருந்தார். கோத்து வைத்ததெல்லாம் மறந்துபோனது.

“அக்கா, குட்டைய மூடச் சொல்லி நான் எழுதினது தப்பு. போன வாரம் உங்க வீட்டுக்குள்ள வந்தது குட்டைக்குப் போக வேண்டிய தண்ணிதான்.”

அப்பா மூட்டையோடு அப்படியே நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

பவுனு அக்கா குண்டானைக் கீழே வைத்தார். “எழுதுனது நீ. கைநாட்டு வச்சது நாங்க. தெருத்தண்ணி குட்டையாண்டதான் போவுதுன்னு தெனம் பாத்துகினுதானே இருந்தோம்? இன்னா பண்ணணும், அதச் சொல்லு.”

லாரி கொட்டிய இடிபாடு தெருமுனையில் மேடாக நின்று, தண்ணீர் குட்டைக்குள் போகும் வாயை அடைத்திருந்தது. அதற்கு அப்பால் பாதிக் குட்டை இன்னும் பள்ளமாகத்தான் இருக்கிறது. அதைச் சொன்னேன். அப்பா போய்க் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டுவந்தார். நாங்கள் மேட்டை வெட்ட ஆரம்பித்ததும் மூன்றாம் வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

“யோவ், இன்னா பண்றீங்க? கெஞ்சிக் கூத்தாடி மூட வச்சது! உம்புள்ளதானய்யா மூடச் சொல்லி எழுதுனான்!”

“ஆமா. அவனேதான் தொறக்கச் சொல்றான்” என்றார் அப்பா. கடப்பாரையை நிறுத்தவில்லை.

ஒரு மணி நேரத்தில் இரண்டடி அகலத்துக்கு வழி கிடைத்தது. தண்ணீர் கசடு கரைந்து கருப்பாக ஓடியது. நசரத்பேட்டையில் நாற்பது நிமிடத்தில் வடிந்தது எங்களுக்கு இருட்டும்வரை இழுத்தது. அவர்களுக்கு முழுக் குட்டை, புல், கோரை, மண் தங்கக் குழி. எங்களுக்குப் பாதிக் குட்டை, நடுவில் செங்கல் மேடு. ஆனாலும் பவுனு அக்கா வீட்டுத் தரை தெரிந்தது.

இதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுதுகிறேன். மீதிக் குட்டையை மூட வேண்டாம் என்ற புது மனுவில் இதுவரை பதினோரு பேர்தான் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். மூன்றாம் வீட்டுக்காரர் வைக்கவில்லை. கொசுவைப் பற்றிக் கேட்டார், இருக்கும் என்றேன். மனு போய்ச் சேர்வதற்கு முன்னால் லாரி வந்துவிடும். அதனால் நாளைக் காலை ஆறு மணிக்கே தெருமுனையில் நிற்கப்போகிறேன். அப்பாவும் நாளைக்குச் சுமைக்கு வரவில்லை என்று பாடிக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டார்.