மஞ்சள் சட்டையை வாசலில் நிறுத்திய நோட்டீஸ்

அன்றைக்கு நான் அந்த வார்த்தையை மாற்றிக் கொடுத்தது பயத்தாலா, நமக்கு எதற்கு வம்பு என்ற சோம்பலாலா? இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

சேலையூரில் என் மகன் படிக்கும் மழலையர் பள்ளியில்தான் எனக்கும் அலுவலக வேலை. நோட்டீஸ் எல்லாம் நான்தான் அடிப்பேன். மாதம் ஒரு வண்ண நாள். குழந்தைக்கு அந்த நிறத்தில் உடை, டப்பாவில் அந்த நிறத்தில் பலகாரம், பக்கத்தில் அதே நிறப் புடவையில் அம்மா. லெமன் சாதத்தோடு போட்டோ எடுத்துக்கொள்வதற்கு இங்கே கல்வி என்று பெயர்.

மஞ்சள் நாளுக்கு, 'அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்' என்று அடித்தேன். எல்.கே.ஜி.யில் ஒரு பெண் குழந்தைக்கு அம்மா இல்லை. தலை பின்னி, டப்பா கட்டி, ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவது எல்லாம் அப்பாதான்.

தலைமை ஆசிரியை அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"பாதுகாவலராம்! கோர்ட்டுக்கா லெட்டர் போடுறே? அம்மாக்கள்னு போடும்மா. அப்பாங்க வந்தா மூலையில உட்கார்ந்து போனைத்தான் நோண்டுவாங்க."

எவ்வளவு சிரிக்கலாம் என்று அவர் முகத்தைப் பார்த்து அளந்துகொண்டு மற்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான். 'ஆசிரியை' என்றால் மதிப்புக் குறைவு, 'தலைமை ஆசிரியர்' என்றே இருக்க வேண்டும் என்று தன் பெயர்ப்பலகையை இரண்டு முறை திருப்பி அனுப்பியவர் அவர். ஒரு வார்த்தை ஆளை வெளியே நிறுத்தும் என்பது தன் கதவில் மட்டும் அவருக்குப் புரியும்.

வார்த்தையை 'அம்மாக்கள்' என்று மாற்றி, 'அம்மாக்களுக்கு மட்டும் அனுமதி' என்று அவர் சொன்ன வரியையும் சேர்த்தேன். பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். அதில் மட்டும் நான் கெட்டி.

மஞ்சள் நாளன்று அந்த அப்பா இஸ்திரி போட்ட மஞ்சள் சட்டையில் வந்தார். வாட்ச்மேன் மறித்தார்.

"சார், நோட்டீஸ்ல அம்மாங்க மட்டும்னு போட்டுக்கீது. என்னாண்ட பேஜார் பண்ணாதீங்க."

வரிசையில் நின்ற ஒரு அம்மா, "அண்ணா, புடவை எங்கே?" என்றார். ஒரே சிரிப்பு. மகள் மட்டும் அவர் சட்டையைத் தொட்டுக்காட்டி, "எங்கப்பாவும் மஞ்சள்தான்" என்றாள்.

வருகைப் பட்டியலோடு அங்கேதான் நான் நின்றுகொண்டிருந்தேன். 'உள்ளே விடுங்க அண்ணா' என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். பட்டியலில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். மகளை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு, நிகழ்ச்சி முடியும்வரை அவர் வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். போனை நோண்டவில்லை. கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று அவர் என்னிடம், "மேடம், பச்சை நாளுக்காவது நான் வரலாமா? பாப்பா கேக்குறா" என்றார்.

"கேட்டுச் சொல்றேன் சார்" என்றேன். யாரிடமும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை நோட்டீஸ் போக வேண்டும். 'பெற்றோர்' என்று போட்டால் தலைமை ஆசிரியை அதை வெட்டிவிடுவார். எதிர்த்துப் பேசினால் அந்தக் கோபம் என் மகன் மேல் திரும்புமோ என்று பயம். இப்படி ஒரு மேலதிகாரியிடம் ஒரு வார்த்தையையாவது காப்பாற்றியவர்கள் உங்களில் இருந்தால், அதை எப்படிச் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.