தெஹியோவிட்ட ரப்பர் மலையில் மின்னல் பிடிக்கப் போனோம்

கொழும்பில் எங்கள் மாடிவீட்டிலிருந்து மின்னலைப் படம் பிடித்தால் பாதிப் படத்தில் மின்கம்பி இருக்கும், மீதியில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இருக்கும். இரண்டு வருடமாக இதே கதைதான். அதனால் இந்த ஏப்ரலில், பள்ளி விடுமுறை விட்ட முதல் சனிக்கிழமை, தெஹியோவிட்டவுக்குக் கிளம்பினோம். அந்தப் பக்கம் சித்திரை நெருங்கும்போது காலையில் வெயில் கொளுத்தும், மாலையில் இடி மழை கொட்டும். அங்கே ஒரு தோட்டத்தில் என் நாத்தனார் சரோஜா ரப்பர் பால் வெட்டுகிறார். தங்குவதற்கு இடமும் ஆயிற்று.

என்னோடு வந்தவர் என் கணவர் ராஜு. அவருக்கு இடி ஆகாது. நாற்பத்தாறு வயது மனிதர், வானம் உறுமினால் சமையலறைக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவத் தொடங்கிவிடுவார். (நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.) "தனியாவா மலைக்குப் போவ? நானும் வர்றேன்" என்று அவரே பையைக் கட்டினார்.

காலை 7.30க்குப் புறக்கோட்டையில் பஸ் ஏறி, அவிசாவளையில் இறங்கி, யட்டியாந்தோட்டை பஸ்ஸில் மாறினோம். தெஹியோவிட்ட சேரும்போது 10.40. இரண்டு பேருக்கும் பஸ் செலவு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. டவுனிலிருந்து தோட்டம் ஆறு கிலோமீட்டர், த்ரீவீலுக்கு 700. ஓட்டியவர் நிஹால். சிங்களவர், தோட்டத்து ஆட்களோடு பழகித் தமிழ் சரளம். மாலைக்கும் அவரையே 2,500க்குப் பேசிக்கொண்டோம்.

பழைய ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுப் புதுக்கன்று நட்டிருந்த ஒரு மலைக்கு 6.15க்குப் போனோம். கன்றுகள் இடுப்பளவுதான், எதிர் மலைத்தொடர் முழுக்கத் தெரிந்தது. பாதை வளைவில் வண்டியை நிறுத்தினார் நிஹால்.

"மேல எப்பா மிஸ். இங்கயே எடுங்க" என்றார். எப்பா என்றால் சிங்களத்தில் வேண்டாம்.

நான் கேட்கவில்லை. முப்பது மீட்டர் மேலே ஏறி, வளைவும் வண்டியும் படத்தின் ஓரத்தில் வருகிற மாதிரி முக்காலியை நட்டேன். கேமரா நனையாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் ஷொப்பிங் பேக்கை மாட்டி, ஒவ்வொரு படத்துக்கும் இருபது விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தேன். அந்த இருபது விநாடிக்குள் மின்னினால் மின்னல் படத்தில் விழும். இல்லாவிட்டால் அடுத்த இருபது.

ராஜுவுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். மின்னியதும் எண்ண வேண்டும். இடி கேட்பதற்குள் முப்பதைத் தாண்டினால் தொடரலாம், முப்பதுக்குக் கீழே போனால் மூட்டை கட்ட வேண்டும். வண்டிக்குள் ஒடுங்கி உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு, ஒரு விநாடி பிசகாமல் எண்ணினார். "நாப்பத்தி நாலு!" என்று கீழிருந்து குரல் வரும். "முப்பத்தாறு!"

7.05க்கு "இருபத்தாறு! போதும் கலா, எறங்கு" என்றார்.

"இன்னும் ஒண்ணுங்க."

"பத்தொம்போது! எறங்குன்னு சொல்றேன்ல!"

"கடைசி ஒண்ணு."

"பன்னெண்டு!" இந்தத் தடவை குரல் உடைந்திருந்தது. நான் ஷட்டரை அழுத்தினேன்.

அதன்பிறகு எண்ணிக்கை இல்லை. மலை முழுவதும் வெளுத்தது. அதே கணத்தில் இடி நெஞ்சில் மோதியது. நேர் எதிரே, கிட்டத்து முகட்டில் ஒரு மரம் பிளந்து புகைந்தது. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் ராஜு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். கேமரா அங்கேயே நின்றது.

"த்ரீவீல்ல ஏற வேணாம், சீலைக் கூரை! பால் ஸ்டோருக்கு ஓடுங்க!" என்று கத்தினார் நிஹால். வளைவுக்கு அப்பால், ரப்பர் பாலை நிறுத்து எடுக்கும் கொங்கிரீட் கட்டடம். கொட்டத் தொடங்கிய மழையில் மூவரும் நனைந்து உள்ளே விழுந்தோம்.

ராஜு சுவரில் சாய்ந்து நின்றார். நான் அழுதேன். அவர் திட்டவில்லை. "எண்ண ஆரம்பிச்சேன் கலா. ஒண்ணுன்னு சொல்லக்கூட விடல" என்றார், தவறு தன்னுடையது போல.

8.10க்கு மழை ஓய்ந்தது. நிஹால் போய்க் கேமராவைக் கொண்டுவந்தார். ஈரமே இல்லை. அன்றைக்கு வாங்கிய காசுக்கு மேல் ஒரு ரூபாய்கூட அவர் ஏற்கவில்லை. "அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க மிஸ்" என்றார்.

லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், சரோஜா அண்ணி ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்தார். தம்பியின் தலையைத் துவட்டியபடியே, "சின்னதுல இடிச்சா கட்டிலுக்கடியில பூந்துக்குவான் இவன். இன்னிக்கு எந்தப் புள்ள மலையேறி ஓடுச்சு?" என்றார். ராஜு சம்பல் காரமென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். முதலில் தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். வெட்டவெளி மலையில் நிற்காதீர்கள், நான் நின்றது மடத்தனம். கொங்கிரீட் கட்டடத்துக்குள்ளிருந்தோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளிருந்தோ எடுங்கள். அட்டைகளுக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டுபோங்கள். முக்கியமாக, எண்ணுகிறவர் போதும் என்றால் அத்தோடு நிறுத்துங்கள்.

பன்னிரண்டு நல்ல படங்கள் கிடைத்தன. கடைசிப் படம் கெட்டுப்போனது. அதில் மின்னல் வெறும் வெள்ளைத் திட்டு, முகடு கரைந்துவிட்டது. அந்த வெளிச்சத்தில் ஒரு மனிதர், ஒற்றைக் கால் செருப்போடு, வாயைத் திறந்தபடி, என்னை நோக்கி மலையேறி ஓடி வருகிறார். அவர் மட்டும் துல்லியமாக விழுந்திருக்கிறார்.