அமெரிக்கன் ரைஸ் என்று எழுதிய பலகை

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றைக்கும் தடுமாறும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஏற்காடு ஏரிப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் பல வருடம் தினமும் காலையில் கரும்பலகை எழுதியது இந்தக் கைதான்.

நான் அங்கே சப்ளையர். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். மற்றவர்கள் போல நின்ற இடத்திலிருந்தே உள்ளே கூவவும் வராது. அடுப்படி வரை போய் மெதுவாகச் சொல்வேன். மாஸ்டருக்கு எரிச்சல் வரும்.

"காதுல ரகசியம் சொல்றதுக்கு நான் என்ன உன்ற பொண்டாட்டியாடா?"

ஒரு மழைக்காலத்தில் வயதான அமெரிக்கர் ஒருவர் கிளியூர் போகும் வழியில் வீடு பிடித்து இரண்டு மாதம் தங்கினார். எங்கேயோ தமிழ் படித்திருந்தார். புத்தகம் பேசுவது போலப் பேசுவார். முதல் நாளே பலகையில் 'அமெரிக்கன் சாப்சுயி' என்று இருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் அமெரிக்கன். இதை நான் உண்டதே இல்லை" என்றார்.

அவர்கள் ஊருக்குப் பிழைக்கப் போன சீனர்கள் மிச்சம் மீதியைக் கலந்து வதக்கிய சாப்பாடாம் சாப்சுயி. கண்டதும் கலந்தது என்பதுதான் அந்தப் பெயருக்கே பொருள் என்று சொல்வார்களாம். இளம் வயதில் அவரும் ஒரு ரோட்டுக் கடையில் சப்ளையராக இருந்தவர். ரொட்டி மேல் இரண்டு முட்டை கேட்டால், 'தெப்பத்தில் ஆதாமும் ஏவாளும்' என்று உள்ளே கத்துவார்களாம். முட்டையைக் கலக்கித் தர வேண்டுமென்றால், 'அவர்களை உடைத்துவிடு' என்பார்களாம்.

மாஸ்டர் கேட்டுக்கொண்டே தோசையைத் திருப்பினார். "நம்மகிட்ட கலக்கினு ஒரே வார்த்தைல முடிஞ்சுதுங்களே. ஆதாம் ஏவாளயெல்லாம் எதுக்குங்க வம்புக்கு இழுக்கறது?"

எங்களோடு ஒரு அக்கா வேலை பார்த்தார். பக்கத்து மலைக்கிராமமான செம்மநத்தத்துக்காரர். காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவர்தான். மதியம் கூட்டம் ஓய்ந்த பிறகு எங்களுக்காக அவர் ஒன்று செய்வார். வீட்டிலிருந்து கொண்டு வந்த சாமைச் சோற்றை இரும்புச் சட்டியில் போட்டு, வேகவைத்த பலாக்கொட்டையும் இடித்த பச்சை மிளகும் சேர்த்து வதக்கி, மேலே ஒரு முட்டையை உடைத்துக் கிளறுவார். ஒருநாள் அமெரிக்கர் நேரம் கழித்து வந்தார். எல்லாம் தீர்ந்திருந்தது. அக்கா தன் பங்கை அவருக்கு வைத்தார். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அந்தச் சோற்றின் பெயரைக் கேட்டார்.

"பேரெல்லாம் இல்லீங்க. மிச்சந்தானுங்க."

"உங்கள் ஊரின் பெயரை வையுங்கள். எங்கள் ஹாம்பர்கருக்கும் ஓர் ஊரின் பெயர்தான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பல உணவுகளை முதலில் சமைத்தவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. கடைக்காரர் பெயர்தான் நிற்கிறது."

அன்று பாத்திரம் கழுவிக்கொண்டே அக்கா என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, எங்கூர் பேர நெசமாவே போர்டுல எழுதலாமுங்களா? எம்புள்ள சேலத்துல ஆஸ்டல்ல படிக்கறா. எங்கூட்ல சாமை தின்போம்னு சொல்றதுக்கே அவளுக்கு நொம்ப வெக்கம். போர்டுல பாத்தான்னா..."

"எழுதறனுங்க அக்கா" என்றேன்.

முதலாளிக்கும் அந்தச் சோறு பிடித்துவிட்டது. மறுநாள் காலை நான் சாக்பீஸை எடுத்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"செம்மநத்தம்னு போட்டா டூரிஸ்ட்டு திம்பானா? வெள்ளக்காரனே தட்ட வழிச்சான். அமெரிக்கன் ரைஸ்னு போடு."

அப்படியே எழுதினேன்.

அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. வாசல் கூட்டும்போது பலகைக்கு முன்னால் சற்று நின்றுவிட்டுப் போவார். ஒருநாள், "எங்கூர் பேரு எந்த வரிங்க தம்பி?" என்று கேட்டார். கடைசி வரியைக் காட்டினேன். சேலைத் தலைப்பால் அதற்குக் கீழே இருந்த தூசியை எழுத்தில் படாமல் துடைத்தார்.

ஒரு சனிக்கிழமை அவர் மகள் சேலத்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். அக்கா அவளைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, "கடைசில என்ன போட்டிருக்குது, படி கண்ணு" என்றார்.

"அமெரிக்கன் ரைஸ்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்தேன். அந்தப் பெண் சாப்பிட அதையே கேட்டாள். நான்தான் கொண்டுபோய் வைத்தேன். பாதி சாப்பிட்டுவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

"நொம்ப நல்லாருக்குதும்மா. நம்மூட்டு சாமை மாதிரியே இல்ல."

அப்போது ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். 'இது உங்கம்மா செஞ்சதுங்க, கண்ணு, உங்கூட்டுச் சாமைதான்.' அவ்வளவுதான். நாக்கு நுனியில் இருந்தது. தண்ணீர் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அக்கா என்னிடம் ஏன் என்று கேட்கவே இல்லை. மழை விட்டதும் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போய்விட்டார். இன்று ஏரியைச் சுற்றி நாலைந்து கடைகளில் அமெரிக்கன் ரைஸ் உண்டு. அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் பஸ்ஸில் அக்காவைப் பார்த்தேன். பக்கத்தில் இடம் கொடுத்தார். மகள் கல்யாணமாகிச் சேலத்தில் இருக்கிறாளாம்.

"போன்ல பாத்து அவளே அமெரிக்கன் ரைஸ் செய்யறா தம்பி. போயிருந்தப்ப எனக்கும் வச்சா. உப்புத்தான் கொஞ்சம் தூக்கல்" என்று சிரித்தார்.

"நீங்க சொல்லலீங்களாக்கா?"

"நான் சொன்னா நம்புவாளா? போர்டுல அப்புடித்தான இருந்துச்சு."

என் நிறுத்தம் வந்தது. மன்னிப்புக் கேட்காமலேயே இறங்கிவிட்டேன்.

வாயால் சொல்ல என்னால் ஆகாது. அதனால் இதை எழுதினேன். அக்காவிடமே கொடுக்கப் போகிறேன். அவர் மகள் அவருக்குப் படித்துக் காட்டட்டும். கண்ணு, அது உன் வீட்டுச் சாமை. முதலில் செய்தது உன் அம்மா. பலகையில் மாற்றி எழுதியது நான்.

ஐப்பசி பன்னிரண்டு, புதன்கிழமை.