சாமியார் விதித்த அரைமணி நேரக் கடல்

வேலூரிலிருந்து ராயபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், மாதா கோயில் பாவசங்கீர்த்தனத்தில் நான் சொன்ன பாவம் ஒன்றே ஒன்றுதான். கோபம். வாராவாரம் அதையே கேட்டால் சாமியாருக்கும் அலுப்புத் தட்டாதா?

என் கணவருக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை. ஆறு மணிக்கு வருகிறேன் என்பார், ஏழரைக்கு வருவார். நான் கத்துவேன். தெருமுனை வரைக்கும் கேட்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். என் குரலை அவர்கள் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். அவரோ ஒரு நாளும் பதில் பேசியதில்லை. ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே, "அரக்கோணத்துக்கு மாத்தல் கேட்டு எழுதி வச்சிருக்கேன். நான் மட்டும்" என்றார். சட்டைப் பையில் காகிதம் மடிந்து இருந்தது.

அந்தச் சனிக்கிழமை சாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "செபமாலை சொல்லச் சொல்லி ஒரு பலனும் இல்லை. தினமும் சாயந்திரம் அரைமணி நேரம் கடலைப் பார்த்து உட்காரு. வாயைத் திறக்காதே. அதுதான் உனக்கு அபராதம்" என்றார். பாலாற்றங்கரைக்காரி நான். எங்களுக்கு ஆறு என்றாலே மணல்தான். இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுநாள் குப்பத்துப் பக்கம் போய், கரையில் ஏற்றிப் போட்டிருந்த கட்டுமரங்களுக்கு நடுவே உட்கார்ந்தேன். கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று போனால், அது என் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டிருந்தது. துறைமுகத்துக் கரித்தூள் புடவையில் படிந்தது. ஐந்து நிமிஷம் ஆகவில்லை, இடுப்பில் கூடையோடு ஒருத்தி வந்து நின்றாள்.

"இன்னாமா, யாரு வரணும்?"

வாயைத் திறக்கக் கூடாதே, தலையை மட்டும் ஆட்டினேன். "ஐயோ பாவம், பேச்சே வரலியே! எந்தக் கட்டுமரமோ தெரிலியே!" என்று அவள் கூவ, நாலு பெண்கள் ஓடிவந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி டீ வாங்கிவந்தாள். இன்னொருத்தி எனக்காக அழவே ஆரம்பித்துவிட்டாள். அரைமணி முடிந்த பிறகுதான், "யாரும் வர வேண்டாம். சும்மாதான் பார்க்கிறேன்" என்றேன்.

"சும்மாவா? கடலயா?" சிரித்த சிரிப்பில் காக்கைகள் பறந்தன.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அங்கே மீன் பிரிப்பதும் பேன் பார்ப்பதும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான். ஒருத்தி கடலைப் பார்த்து உட்கார்ந்தால், அவள் புருஷன் இன்னும் திரும்பவில்லை என்று அர்த்தம். நான் செய்தது, பொழுதுபோகவில்லை என்று ஆஸ்பத்திரி வாசலில் போய் உட்கார்ந்த மாதிரி.

அன்று முதல் கூடைக்காரிக்கு நான் வேடிக்கைப் பொருள். "வந்துட்டாங்கோ, சும்மா பாக்குற அம்மா!" என்று வரவேற்று, பக்கத்தில் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, அரைமணியும் பேசுவாள். மௌனம் எனக்குத்தானே அபராதம், அவளுக்கு இல்லையே. இருந்தும் ஏதோ நடந்தது. அந்த இரைச்சலைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் கத்த மனம் வரவில்லை. நான் பேசாமல் சோறு போட்டதைப் பார்த்து, காய்ச்சலோ என்று அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காகிதம் மட்டும் பையிலேயே இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் நான் போனபோது, கூடைக்காரி கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். மத்தியானமே மற்ற மரங்கள் எல்லாம் வந்துவிட்டிருந்தன. அவள் பேச்சு இல்லாமல் அன்றுதான் கடலை முழுசாகக் கேட்டேன். பயமாக இருந்தது.

"நீதான் தெனம் குந்திக்கினு கீறியே. எப்டிமா சும்மா குந்துறது? சொல்லேன்" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அரைமணி போயிற்று, ஒரு மணியும் போயிற்று. பொழுது மங்கும்போது சட்டென்று எழுந்தாள். தூரத்தில் ஒரு பாய் தெரிந்தது. அதில் அவள் தைத்துப் போட்ட ஒட்டுத்துணியை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

நீரோட்டம் எண்ணூர்ப் பக்கம் இழுத்துப் போய்விட்டதாம். அவள் புருஷன் கால் மணலில் பட்டதுதான் தாமதம். "யோவ், எங்கய்யா பூட்ட? கஸ்மாலம்! உனுக்கு வூடு வாசல் கீதா இல்லியா?" என்று ஆரம்பித்தாள் பாருங்கள், என் கத்தலெல்லாம் அதற்கு முன்னால் முணுமுணுப்புதான். அவன் தலையைக் குனிந்து ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டு நின்றான். சிரித்துக்கொண்டிருந்தான்.

நான் வீடு திரும்பியபோது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. அன்றைக்கென்று பார்த்து அவர் ஆறு மணிக்கே வந்துவிட்டிருந்தார். வாசலில் நின்றவர் என்னைக் கண்டதும், "எங்கேடி போய்த் தொலைஞ்சே? கோயில் பூரா தேடிட்டேன், மார்க்கெட் பூரா தேடிட்டேன்! மனுஷன் செத்துப் பிழைக்கணுமா?" என்று கத்தினார். தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

நான் தலையைக் குனிந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு நின்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் வெந்நீர் அடுப்பில் அந்தக் காகிதம் பாதி எரிந்து கிடந்தது. மீதியை நான் உள்ளே தள்ளிவிட்டேன்.